அட்வான்ஸ் பணத்தைத் திருப்பித் தராதது குற்றமா, உரிமையியல் தகராறா? – ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கேள்வி

அல்சூர்ப் பெற்றோர்

பெங்களூரு வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் நாடாளுமன்றம், நீதிமன்றம், குற்றவியல் (கிரிமினல்) சட்டம், உரிமையியல் (சிவில்) சட்டம் ஆகியவற்றைத் தேர்வுக்காகப் படித்து வருகிறாள். கொலை, திருட்டு, தாக்குதல் போன்றவை குற்றவியல் என்றும், சொத்து, வாடகை, மணமுறிவு போன்றவை உரிமையியல் என்றும் ஒரு பட்டியலை அவள் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

இதே சமயத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு பிரச்சினை எழுந்தது. நாங்கள் காலி செய்த வீட்டின் உரிமையாளர், பெயிண்ட் அடித்த செலவு என்று சொல்லி, நாங்கள் கொடுத்திருந்த பத்து மாத அட்வான்ஸில் பெரும்பகுதியைத் திருப்பித் தர மறுக்கிறார். காவல் நிலையத்துக்குச் சென்றபோது, "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட மகள், "பேருந்தில் நம் பையிலிருந்து பணம் எடுப்பவனைப் போலீஸ் பிடிக்கிறது; அதைவிடப் பல மடங்கு பணத்தை வைத்துக்கொண்டு தர மறுப்பவரை ஏன் பிடிப்பதில்லை?" என்று கேட்டாள். அவளிடம் இருக்கும் பட்டியலில் இதற்குப் பதில் இல்லை. நானும் அவளுக்குத் தெளிவாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

ஆசிரியை, ஜீவன்பீமாநகர்

அம்மா, உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. அந்தப் பட்டியலை முதலில் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். ஒரு செயலை மட்டும் பார்த்து அது குற்றவியலா உரிமையியலா என்று முடிவு செய்ய இயலாது. அந்தச் செயலுக்காக யார் நீதிமன்றத்துக்கு வருகிறார், அங்கே எதைக் கேட்கிறார் என்று பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும்.

குற்றவியல் வழக்கில் நீதிமன்றத்தின் முன் நிற்பது பாதிக்கப்பட்டவர் அல்ல, அரசு. நம் மாநிலத்தில் அத்தகைய வழக்கின் தலைப்பு "கர்நாடக அரசு எதிர் இன்னார்" என்றே எழுதப்படுகிறது. காவல் துறை புலனாய்வு செய்கிறது, அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்துகிறார், பணத்தையோ உறவையோ இழந்தவர் அங்கே சாட்சியாக வருகிறார். கேட்கப்படுவது தண்டனை. ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு சமுதாயம் முழுவதற்கும் இழைக்கப்பட்ட தீங்காகும் என்ற கருத்தின் மேல்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. அதனால்தான் கொலை போன்ற வழக்கில், இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்துவிட்டோம் என்று சொன்னாலும் வழக்கு தானாக முடிந்துவிடுவதில்லை.

உரிமையியல் வழக்கில் தனக்கு உரியது கிடைக்கவில்லை என்று கருதுகிறவர் தானே வாதியாக வருகிறார். பணத்தைத் திருப்பித் தரும்படியோ, வீட்டைக் காலி செய்யும்படியோ, ஒரு செயலைத் தடுத்து நிறுத்தும்படியோ பிரதிவாதிக்கு உத்தரவிடுமாறு கேட்கிறார். அவர் விரும்பினால் சமரசம் செய்துகொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம்.

நிரூபிக்க வேண்டிய அளவும் இரண்டிலும் வேறு. குற்றவியலில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு மனிதனின் சுதந்திரம், சில வழக்குகளில் உயிரே, பணயமாக இருக்கிறது. மரண தண்டனையை, கடுமையான குற்றங்களை விசாரிக்கும் அமர்வு நீதிமன்றம் (செஷன்ஸ் கோர்ட்) விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. உரிமையியலிலோ, இரு தரப்பில் எவருடைய கூற்று உண்மையாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி எடைபோட்டால் போதும். மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது என்று நான் வகுப்பில் வற்புறுத்திச் சொல்வேன்.

நீதிமன்ற எழுத்தர் (ஓய்வு)

ஆசிரியை சொன்னதோடு நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பெங்களூருவில் அமர்வு நீதிமன்றம் தனி ஊழியரோடும் தனிக் கட்டடத்தோடும் இயங்கும் வேறொரு நிறுவனம் அன்று. அதன் முழுப்பெயரே நகர உரிமையியல் மற்றும் அமர்வு நீதிமன்றம் என்பதுதான். அங்கே ஒரு நீதிபதியே காலையில் பாகப்பிரிவினை வழக்கைக் கேட்டுவிட்டுப் பிற்பகலில் குற்றவியல் மேல்முறையீட்டை விசாரிக்கலாம். இரண்டு சட்டங்களுக்கும் இரண்டு உலகங்கள் இருப்பதாகப் பாடப் புத்தகத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வியந்து போவார்கள். பெரும்பாலான வழக்குகளின் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். எனவே பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் ஒரு நாள் சென்று பார்ப்பது நல்லது.

சாலை விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டு சந்திப்பில் ஒரு லாரி மோதி இருசக்கர வாகன ஓட்டி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று காவல் துறை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் கீழ் வழக்குப் பதிவு செய்யும். அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுச் செய்வார்கள். நம் ஊரில் அந்தத் தீர்ப்பாயமாக அமர்பவர்கள் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகளே. ஒரே விபத்து, ஒரே லாரி, ஒரே சாட்சிகள். ஆனாலும் முதல் வழக்கில் ஓட்டுநருக்குத் தண்டனை தர வேண்டுமா என்பது கேள்வி. இரண்டாவதில் அந்தக் குடும்பம் எப்படி வாழும் என்பது கேள்வி. ஐயத்தின் பலனால் ஓட்டுநர் விடுதலையாகிவிட்ட பின்னும், காப்பீட்டு நிறுவனம் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கலாம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

சட்டக் கல்லூரி மாணவன்

அக்கா, அட்வான்ஸ் விஷயத்தில் காவல் நிலையத்தில் சொன்னதை காரணம் பாராமல் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் எல்லோரும் அறிந்த 420ஆம் பிரிவு இப்போது அதற்குள் அடங்கிவிட்டது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: பணத்தை வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கும்போது நேர்மையாக வாங்கி, பின்னால் கொடுக்க மனமின்றிப் போவது ஒப்பந்த மீறல் மட்டுமே. ஆகவே உண்மையிலேயே வீட்டைக் கொடுத்து, குடியிருக்கவும் விட்டு, காலி செய்யும்போது பெயிண்ட் கணக்கில் தகராறு செய்பவர் மீது ஏமாற்றுதல் வழக்கு நிற்பது கடினம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் ஊரில் நடக்கிறது. மாத வாடகை இல்லாமல் மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துக் குடியேறும் 'லீஸ்' முறை இங்கே பரவலாக இருக்கிறது. இடையில் ஒருவர் புகுந்து, உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, தனக்கு அதிகாரம் இருப்பதாகச் சொல்லிக் குடித்தனக்காரரிடம் லீஸ் தொகையைப் பெற்றுக்கொண்டு, சில மாதங்கள் மட்டும் வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுகிறார். அதே தந்திரத்தைப் பல வீடுகளில் அவர் செய்திருந்தால், தொடக்கத்திலிருந்தே எண்ணம் என்னவாக இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. அது குற்றவியல் வழக்கு. அதே சமயம், வாடகை வராத உரிமையாளர் குடித்தனக்காரரை வெளியேற்ற உரிமையியல் வழக்கும் தொடுப்பார். ஏமாந்த அந்தக் குடும்பம் ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவராகவும் இன்னொரு வழக்கில் பிரதிவாதியாகவும் நிற்க நேரிடுகிறது.

பேருந்து எடுத்துக்காட்டைப் பற்றியும் ஒன்று. புதிய சட்டத்தில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டவருக்குச் சமுதாய சேவையே தண்டனை. அத்தகைய திருட்டைப் பிடியாணை இன்றிக் கைது செய்ய முடியாத வகையிலும் வைத்திருக்கிறார்கள்.

கே.ஜி.எஃப். பயணி

புகார் கொடுத்தால் காவல் துறை முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கோலார் தங்க வயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வரும் எங்களைப் போன்றோர் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைவதற்கு விடுப்பு எடுக்க முடியாது. "சிவில்" என்ற ஒரு சொல்லைச் சொல்லி எல்லாப் புகாரையும் திருப்பி அனுப்பிவிட்டால் சாதாரண மனிதர் என்ன செய்வது?

சட்டக் கல்லூரி மாணவன்

அண்ணா, நீங்கள் குறிப்பிடுவது 2013ஆம் ஆண்டின் லலிதா குமாரி தீர்ப்பு. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகப் புகாரில் தெரிந்தால் பதிவு செய்வது கட்டாயம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதில் கூறியது. அதே தீர்ப்பு, வணிகத் தகராறு, குடும்பத் தகராறு போன்றவற்றில் குற்றம் உண்டா என்று அறிய முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும் இடம் கொடுத்தது. பதிவு செய்ய மறுத்தால் உயர் அதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதுவும் பயன்படாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173, 175ஆம் பிரிவுகளில் இந்த வழி இருக்கிறது. பதிவானால் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணத்தகராறு ஒவ்வொன்றிலும் கைது என்ற அச்சத்தைக் காட்டிப் பணத்தை வசூலிக்க முனையும் போக்கை, 2006ஆம் ஆண்டின் இந்தியன் ஆயில் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. காவல் துறை கடன் வசூலிக்கும் அமைப்பாக மாறினால், நாளை நம்மிடம் பணம் கேட்பவரும் அதே காவலரைத்தான் நம் வாசலுக்கு அழைத்து வருவார்.

அல்சூர்ப் பெற்றோர்

அனைவருக்கும் நன்றி. மகளும் என் அருகில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். 420ஆம் பிரிவு இப்போது இல்லை என்று தம்பி எழுதியதைப் படித்ததும், "அதை யார் மாற்றினார்கள்? நீதிபதிகளா, நாடாளுமன்றமா? கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே சட்டமா?" என்று கேட்கிறாள்.

ஆசிரியை, ஜீவன்பீமாநகர்

நாடாளுமன்றம்தான். ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதைப் பத்து வரி குறிப்பாக மனப்பாடம் செய்வதைவிட, புதிதாக வந்த மூன்று குற்றவியல் சட்டங்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அது தெளிவாக மனத்தில் பதியும். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்கு மாற்றாக மூன்று மசோதாக்கள் 2023 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் அறிமுகம் ஆயின. அவை உள்துறைக்கான நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டன. குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு அரசு அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்திய வடிவத்தில் டிசம்பர் 12 அன்று மீண்டும் கொண்டுவந்தது. மக்களவை டிசம்பர் 20 அன்றும் மாநிலங்களவை மறுநாளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் டிசம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தார். நாடாளுமன்றம் என்றால் இரண்டு அவைகள் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 79ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரும் அதன் அங்கம் என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

ஒப்புதல் கிடைத்த அன்றே சட்டம் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதலே அமலுக்கு வந்தது. அப்போதும் ஒரு பகுதி விடுபட்டது: விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை விதிக்கும் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, அரசு நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்தது. இன்னொன்றும் உண்டு. ஒரு செயலைச் செய்த காலத்தில் இருந்த சட்டத்தின்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும் என்று அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு சொல்கிறது. எனவே 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்படியே விசாரிக்கப்படுகின்றன. உங்கள் மகள் நீதிமன்றத்துக்குச் சென்றால் 420 (ஏமாற்றுதல்), 302 (கொலை) என்ற பழைய எண்களும் காதில் விழும்.

குற்றவியல் சட்டம், உரிமையியல் நடைமுறை ஆகிய இரண்டும், நாடாளுமன்றமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கின்றன. அதனால் நாடாளுமன்றச் சட்டம் இரு மாநிலங்களுக்கும் பொதுவாக இருக்கிறது; மாநிலங்கள் அதில் தமக்கு வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்ளவும் வழி உண்டு. சட்டமன்ற அமைப்பில்தான் வேறுபாடு: கர்நாடகத்தில் 224 உறுப்பினர் கொண்ட பேரவையோடு 75 உறுப்பினர் கொண்ட மேலவையும் இருக்கிறது, தமிழ்நாட்டில் மேலவை 1986ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் உள்ள உறவினர் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கே.ஜி.எஃப். பயணி

அப்படியானால் நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் குற்றம் என்று சொல்லிவிடலாமா? விதான சௌதாவுக்கு எதிரே சாலையின் மறுபக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம், இந்த இரண்டில் எது பெரியது என்று நினைத்துக்கொள்வேன்.

சட்டக் கல்லூரி மாணவன்

இரண்டுமே அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவை. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. முரணா இல்லையா என்று முடிவு செய்வது உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நல்ல எடுத்துக்காட்டு. இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அது தெளிவற்றது, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வருந்தத்தக்கது என்னவென்றால், ரத்தான பின்னும் சில காவல் நிலையங்கள் அதே பிரிவின் கீழ் வழக்குப் பதிவு செய்துகொண்டிருந்தது 2021ஆம் ஆண்டு நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. தீர்ப்பு வந்தாலும் அது நிலையத்தின் எழுத்தர் மேசைவரை போய்ச் சேர்ந்தால்தான் குடிமக்களுக்குப் பயன்.

இங்கே மூன்றாவது ஒரு வகை வழக்கையும் மாணவிக்குச் சொல்ல வேண்டும். அரசே ஒருவரின் உரிமையை மீறும்போது, அவர் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தையோ 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தையோ நேரடியாக அணுகி, அரசுக்கு உத்தரவிடும் நீதிப்பேராணை (ரிட்) கோரலாம். அதில் எவருக்கும் சிறைத்தண்டனை கேட்பதில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே. எஸ். புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அத்தகையது. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

நீதிமன்ற எழுத்தர் (ஓய்வு)

அம்மா, உங்கள் அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வாடகை ஒப்பந்தம், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, சாவியை ஒப்படைத்ததற்கான சான்று, வீட்டைக் காலி செய்தபோது எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். பெயிண்ட் செலவைக் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறதா, தந்தால் எவ்வளவு என்பதை முதலில் படித்துப் பாருங்கள். வழக்கு அந்த வரியில்தான் நிற்கும். பிறகு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பல தகராறுகள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தீராவிட்டால், தொகையின் அளவைப் பொறுத்துச் சிறுவழக்கு நீதிமன்றத்திலோ நகர உரிமையியல் நீதிமன்றத்திலோ வழக்குத் தொடரலாம். மூன்றாண்டுக் காலவரம்பைத் தவறவிடாதீர்கள்.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நம் ஊரில் 2007ஆம் ஆண்டிலிருந்து நியாய தேகுல வளாகத்தில் சமரச மையம் இயங்குகிறது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் மேல் மேல்முறையீடு கிடையாது என்பதை அறிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

அல்சூர்ப் பெற்றோர்

மிக்க நன்றி ஐயா. மகள் இன்னும் இரண்டு கேள்விகள் எழுதித் தந்திருக்கிறாள். உரிமையியல் வழக்கில் தோற்றவர் தீர்ப்புக்குப் பிறகும் பணம் தராவிட்டால் அப்போதாவது சிறைக்குப் போவாரா? ஒரு காசோலை பணமின்றித் திரும்பினால் அது எந்த வகை?

நீதிமன்ற எழுத்தர் (ஓய்வு)

தீர்ப்பாணை கிடைத்த பின் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. நீதிமன்றம் அவருடைய சொத்தைப் பற்றுகை (ஜப்தி) செய்யலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம். உரிமையியல் சிறை என்ற ஒன்றும் இருக்கிறது. மூன்று மாதம்வரை வைக்கலாம். ஆனால் கொடுக்க வசதியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது, வசதியிருந்தும் வேண்டுமென்றே மறுப்பவரையே அடைக்கலாம் என்று 1980ஆம் ஆண்டு ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

காசோலை இரண்டு வகையிலும் வரும். பணத்தை வசூலிக்க உரிமையியல் வழக்குத் தொடரலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அது குற்றமும் ஆகும்: இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது காசோலைத் தொகையைப் போல் இருமடங்குவரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் இங்கே காவல் துறைக்கு வேலையில்லை. பணம் வர வேண்டியவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்து நடத்த வேண்டும், நடுவில் சமரசமும் செய்துகொள்ளலாம். வங்கி தகவல் தந்த முப்பது நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் அவர் பணம் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு உரிமையாளர் பாக்கித் தொகைக்குக் காசோலை கொடுக்க முன்வந்தால், வாங்கிய அன்றே அதன் தேதியைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழிவதற்குள் வங்கியில் போட்டுவிடுங்கள்.